பென்சிலுக்கா அரிவாள்? பள்ளி வன்முறை தொடங்கும் இடமும் தடுக்கும் இடமும்

2025 ஏப்ரல் 15 அன்று பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியின் வகுப்பறையில், எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் கூடப் படிக்கும் பையனை அரிவாளால் வெட்டினான். தடுக்கப் போன ஆசிரியைக்கும் வெட்டு விழுந்தது. அரிவாள் வந்தது புத்தகப் பையில். பென்சில் விஷயமாக இருவருக்கும் முன்பு ஏற்பட்ட தகராறுதான் காரணம் என்று செய்திகள் சொல்லின.

படித்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: பென்சிலுக்கா அரிவாள்?

அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2023 ஆகஸ்ட் 9 இரவு, அதே திருநெல்வேலி மாவட்டத்தின் நாங்குநேரியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவர் ஒருவரை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். வெட்டியவர்கள் வெளியூர் ரவுடிகள் இல்லை, அந்த மாணவர் படித்த வள்ளியூர் பள்ளியின் மாணவர்கள்தான். அப்போதும் இதே மாதிரியான கேள்விதான் வந்தது: படிக்கிற பையன்களுக்கு இவ்வளவு வெறி எப்படி வந்தது?

இரண்டு கேள்விகளும் கடைசி நாளைப் பார்த்துக் கேட்கப்பட்டவை. குறிப்பிட்ட வழக்குகளில் முழு உண்மை என்ன என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். ஆனால் பள்ளி வன்முறை பொதுவாக எப்படி வளர்கிறது, எந்தெந்த இடத்தில் அதை நிறுத்த வாய்ப்பு வருகிறது, அந்த வாய்ப்பை நாம் எப்படித் தவற விடுகிறோம் என்பதெல்லாம் ஓரளவு தெளிவாகத் தெரிந்த சங்கதிகள். அடிப்படையிலிருந்து வருவோம்.

சண்டை வேறு, தொடர் சீண்டல் வேறு

தமிழில் இதற்குச் சொற்கள் ஏராளம். கிண்டல், கேலி, வம்பிழுப்பது, ஓட்டுவது, கலாய்ப்பது. எல்லாமே பாதி விளையாட்டுச் சொற்கள். 'சும்மா ஓட்டினோம் சார்' என்று ஒரு பையன் சொன்னால் ஆசிரியருக்கும் சிரிப்புதான் வரும். ஆங்கிலத்தில் புல்லியிங் என்று தனியாக ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். இந்தக் கட்டுரையில் அதைத் 'தொடர் சீண்டல்' என்று வைத்துக்கொள்வோம்.

இதை முதலில் முறையாக ஆராய்ந்தவர் டான் ஓல்வியஸ். சுவீடனில் பிறந்து நார்வேயில் பணியாற்றிய உளவியலாளர். 1982 இறுதியில் வடக்கு நார்வேயில் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். சக மாணவர்களின் கொடுமைதான் காரணமாக இருக்கும் என்று பேசப்பட்டது. அடுத்த ஆண்டே அந்த நாட்டில் பள்ளிகளுக்கான தேசியப் பிரசாரம் தொடங்கியது. அந்த வேலையில் முன்னால் நின்றவர் ஓல்வியஸ். தொடர் சீண்டலுக்கு அவர் வைத்த அடையாளங்கள் மூன்று:

1. காயப்படுத்த வேண்டும் என்று தெரிந்தே செய்வது.
2. ஒரு தடவையோடு நிற்காமல் திரும்பத் திரும்ப நடப்பது.
3. இரண்டு பக்கமும் பலம் சமமாக இல்லாதது.

மூன்றாவதைத்தான் நாம் அடிக்கடி கோட்டை விடுகிறோம். பலம் என்றால் உடம்பு மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஆள் எண்ணிக்கை, பணம், ஊரில் அப்பாவுக்கு இருக்கும் செல்வாக்கு, சாதி, நிறம், ஆங்கிலம் பேசும் லாவகம் என எதுவும் பலமாகலாம். கிளாஸ் லீடராக இருப்பதுகூட ஒரு பலம்தான்.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? தலைமையாசிரியர் அறையில் வழக்கமாக நடக்கும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பையன்கள் மேசைக்கு முன்னால் நிற்கிறார்கள். ஒருவனுக்குச் சட்டை பட்டன் அறுந்திருக்கிறது. எச்.எம். இருவரையும் ஒரு சத்தம் போடுகிறார். 'சரி, கை குடுத்துக்கோங்கடா. இனிமே பிரச்சினை வந்துச்சு, ரெண்டு பேருக்கும் டிசிதான்' என்று அனுப்பிவிடுகிறார்.

கிரிக்கெட்டில் அவுட்டா இல்லையா என்று வந்த சண்டைக்கு இந்த வைத்தியம் சரி. இரண்டு பேரும் சமம், கோபமும் மறுநாள் ஆறிவிடும். ஆனால் மூன்று மாதமாகச் சீண்டப்படுபவனுக்கு இதே வைத்தியத்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? தன்னைக் கொடுமைப்படுத்தியவனின் கையைப் பிடித்துக் குலுக்கும்படி அவனையே கட்டாயப்படுத்துகிறோம். தப்பில் அவனுக்கும் பாதி என்று தீர்ப்பு எழுதுகிறோம். அறைக்கு வெளியே வராந்தாவில், 'போட்டுக் குடுத்துட்டேல்ல, பாத்துக்கிறேன்' என்று காதில் விழும் வார்த்தை உள்ளே இருக்கும் யாருக்கும் கேட்பதில்லை.

வேடிக்கை பார்ப்பவர்கள்

உலக அளவில் மூன்றில் ஒரு மாணவர், கடந்த ஒரு மாதத்துக்குள் சக மாணவர்களால் சீண்டப்பட்டதாகச் சொல்கிறார் என்று 2019இல் யுனெஸ்கோ வெளியிட்ட அறிக்கை கணக்கிட்டது. அவ்வளவு பேர் பாதிக்கப்படும் ஒரு விஷயம் ஆசிரியர் கண்ணில் மட்டும் எப்படிப் படாமல் போகிறது?

ஆசிரியர் இல்லாத இடத்தில், ஆனால் மற்ற மாணவர்கள் இருக்கும் இடத்தில் நடப்பதால்தான். டவுன் பஸ்ஸின் கடைசி சீட், கழிவறைப் பக்கம், பி.டி. பீரியட் முடிந்து தண்ணீர்க் குழாய்க்கு முண்டியடிக்கும் நேரம், ஒரு ஆசிரியர் போய் அடுத்தவர் வருவதற்கு இடையிலான ஐந்து நிமிடம். சீண்டுபவனுக்கு ஆள் கூட்டம் தேவை. பத்துப் பேர் சிரித்தால்தான் அது கெத்து. ஆளில்லாத இடத்தில் ஒருவனுக்குப் பட்டப்பெயர் வைத்துப் பிரயோஜனம் இல்லை.

பின்லாந்தின் துர்கு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டினா சால்மிவல்லி 1990களில் இந்தக் கூட்டத்தைப் பிரித்துப் பார்த்தார். தொடங்குபவன் ஒருவன், கூடச் சேர்ந்து கை வைப்பவன் ஒருவன், கை வைக்காமல் சிரித்து ஏற்றிவிடுபவன் இன்னொருவன், எதுவும் பேசாமல் ஒதுங்கிப் போகிறவர்கள் கொஞ்சப் பேர், பாதிக்கப்பட்டவன் பக்கம் நிற்பவர்கள் மிகக் கொஞ்சம். இந்தக் கண்டுபிடிப்பை வைத்து அந்த நாட்டில் கிவா என்ற பள்ளித் திட்டத்தை உருவாக்கினார்கள். சீண்டுபவனைத் திருத்துவதைவிட, சிரிப்பவர்களின் சிரிப்பை நிறுத்துவதில் அது அதிகக் கவனம் வைக்கிறது. கைதட்டல் நின்றால் கூத்தாடுபவன் எவ்வளவு நேரம் ஆடுவான்?

கனடாவில் பள்ளி மைதானங்களைப் படம்பிடித்து ஆராய்ந்தவர்கள் 2001இல் ஒரு கணக்குச் சொன்னார்கள். சக மாணவர் ஒருவர் குறுக்கே புகுந்தபோது, 57 சதவீதச் சம்பவங்கள் பத்து விநாடிக்குள் நின்றுவிட்டன. பத்து விநாடி! எந்த ஆசிரியரும் மாடிப்படி இறங்கி வருவதற்குள் முடிந்துவிடும் நேரம் அது.

இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. கிவா திட்டம் சின்ன வகுப்புகளில் நன்றாகவும், பெரிய வகுப்புகளில் சுமாராகவும்தான் பலன் கொடுத்தது. ஒன்பதாம் வகுப்பில் வந்து ஒரு கருத்தரங்கம் நடத்தி, உறுதிமொழி எடுக்க வைத்துவிட்டுப் போவதில் பெரிதாக எதுவும் மாறாது. நான்காம், ஐந்தாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டிய வேலை இது.

நம் ஊரில் கூடுதலாக ஒன்று

ஐரோப்பிய ஆய்வுகளை அப்படியே இங்கே கொண்டுவந்து வைக்க முடியாது. அங்கே பலம் ஒரு பையனின் பலம். இங்கே, குறிப்பாகத் தென் மாவட்டங்களில், பையனுக்குப் பின்னால் தெருவும், தெருவுக்குப் பின்னால் சாதியும் நிற்கிறது. பள்ளிக்குள் நடந்த சண்டை மாலைக்குள் ஊர்ப் பிரச்சினை ஆவது அதனால்தான்.

கயிறு விவகாரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மணிக்கட்டில் சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று கயிறு கட்டி, யார் எந்தச் சாதி என்று பார்த்தவுடன் தெரியும்படி மாணவர்கள் வருகிறார்கள் என்பது பல வருடப் புகார். 2018ஆம் ஆண்டுத் தொகுதி ஐ.ஏ.எஸ். பயிற்சி அதிகாரிகள் இதைக் கவனித்துச் சொன்னதன் பேரில், 2019 ஜூலை இறுதியில் பள்ளிக் கல்வி இயக்குநர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். அப்படிப்பட்ட பள்ளிகளைக் கண்டறிந்து நடவடிக்கை எடுங்கள் என்றது அது. எதிர்ப்பு கிளம்பியது. எனக்குத் தெரியாமல் அனுப்பப்பட்டது, பழைய நிலையே தொடரும் என்று அப்போதைய அமைச்சர் செங்கோட்டையன் சொல்லிவிட்டார். சுற்றறிக்கை சில நாளிலேயே மூலைக்குப் போனது. நான்கு வருடம் கழித்து நாங்குநேரி.

நாங்குநேரிக்குப் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அரசு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை முதல்வரிடம் கொடுக்கப்பட்டது. மாணவர்கள் கயிறும் நெற்றிக்குறியும் அணியக் கூடாது என்று அதில் ஒரு பரிந்துரை. பொதுவெளி விவாதம் அந்த இரண்டு சொல்லிலேயே சுற்றிச் சுற்றி வந்து ஓய்ந்தது. அறிக்கையில் அதைவிட முக்கியமானவை இருந்தன:

1. பள்ளிப் பெயரில் சாதிப் பெயர் இருக்கக் கூடாது.
2. வருகைப் பதிவேட்டில் மாணவரின் சாதியைக் குறிக்கக் கூடாது. ஆசிரியர் சாதியைச் சொல்லியோ, அதைக் குறிக்கும்படியோ மாணவரை அழைக்கக் கூடாது.
3. உதவித்தொகை பற்றிய தகவலை வகுப்பில் எல்லோர் முன்பும் வாசிக்காமல் தனியாகச் சொல்ல வேண்டும்.
4. வகுப்பில் உட்காரும் வரிசை அகரவரிசைப்படி இருக்க வேண்டும்.
5. ஒரு பகுதியில் பெரும்பான்மையாக இருக்கும் சாதியைச் சேர்ந்தவரை அங்கேயே தலைமையாசிரியராகவோ கல்வி அதிகாரியாகவோ வைக்கக் கூடாது.
6. 500 மாணவர்களுக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் பள்ளி நல அலுவலர் என்று ஒருவரை நியமிக்க வேண்டும்.

மூன்றாவதைச் சின்ன விஷயம் என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. ஜூலை மாத மதிய வேளை ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அலுவலக உதவியாளர் ஒரு தாளோடு வகுப்புக்குள் வருகிறார். 'எஸ்.சி. ஸ்காலர்ஷிப் பசங்க எல்லாம் எந்திரிங்க, பேங்க் பாஸ்புக் ஜெராக்ஸ் நாளைக்குக் கொண்டு வரணும்.' எட்டுப் பேர் எழுந்து நிற்கிறார்கள். அந்த நிமிடம்வரை பக்கத்தில் உட்கார்ந்து ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவனுக்கு இப்போது ஒரு புதுத் தகவல் கிடைக்கிறது. அலுவலக உதவியாளருக்கு எந்தக் கெட்ட எண்ணமும் கிடையாது. தாளில் இருந்ததைத்தான் படித்தார்.

2024 நவம்பரில் அரசுப் பள்ளிகளில் 'மகிழ் முற்றம்' என்று ஒரு திட்டம் வந்தது. மாணவர்களைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுக்களாகப் பிரித்துப் போட்டிகள் நடத்துவது. தனியார் பள்ளிகளின் ஹவுஸ் முறையேதான், பெயர் மட்டும் ஐந்திணை. ஒரு பையனுக்குச் சாதிக் கூட்டம் தருகிற 'நம்ம ஆளு' உணர்வை வேறொரு கூட்டம் கொடுக்க முடியுமா என்ற பரிசோதனையாக இதைப் பார்க்கலாம். நல்ல யோசனைதான். மாதம் ஒரு போட்டோ எடுத்து இணையத்தில் ஏற்றுவதோடு நின்றால் பலன் இருக்காது.

மிக ஆபத்தான நேரம்: புகார் கொடுத்த பிறகு

நாங்குநேரி சம்பவத்தில் அதிகம் பேசப்படாத விவரம் ஒன்று இருக்கிறது. அந்த மாணவர் சீண்டல் தாங்காமல் சில நாட்கள் பள்ளிக்கே போகவில்லை. ஏன் வரவில்லை என்று பள்ளியிலிருந்து கேட்டார்கள். நடந்ததைச் சொல்லிப் புகார் கொடுத்தார்கள். சம்பந்தப்பட்ட மாணவர்களுக்கு விஷயம் போனது. தாக்குதல் நடந்தது அதற்குப் பின்பு வந்த இரவில்தான்.

வரிசையைக் கவனியுங்கள். பள்ளி கண்டுகொள்ளவில்லை என்று சொல்ல முடியாது. வராத மாணவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். புகாரை வாங்கினார்கள். பெரும்பாலான பள்ளிகள் செய்வதைவிட அது கூடுதல்தான். அப்படியும் புகார் கொடுத்தவருக்குப் புகாரே ஆபத்தாகிவிட்டது.

இந்தக் கட்டுரையின் மையமே இந்த இடம்தான். நம் பள்ளிகளில் புகாரை வாங்குவதோடு வேலை முடிந்ததாக நினைக்கிறோம். உண்மையில் புகார் வந்த நிமிடத்தில்தான் ஆபத்து கூடுகிறது. சீண்டுபவனுக்கு அதுவரை அது விளையாட்டு. புகார் போன பிறகு மானப் பிரச்சினை. இவன் போய்ச் சொல்லி நான் திட்டு வாங்குவதா என்ற எண்ணம், அதிலும் தனக்குக் 'கீழே' இருக்க வேண்டியவன் என்று அவன் நம்புகிற ஒருவன் சொன்னான் என்றால், எங்கே கொண்டுபோகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே புகார் வந்தவுடன் பள்ளி கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இவை:

1. இன்று சாயங்காலம் இந்தப் பிள்ளை வீட்டுக்கு எப்படிப் போகும்? யாரோடு, எந்தப் பஸ்ஸில்?
2. எதிர்த்தரப்பு மாணவர்களிடம் பேசுவதற்கு முன்பே இந்தப் பிள்ளையின் பெற்றோருக்குச் சொல்லியாகிவிட்டதா?
3. எதிர்த்தரப்பிடம் 'இவன் சொன்னான்' என்று சொல்லாமல், 'எங்கள் கவனத்துக்கு வந்திருக்கிறது' என்று பேச முடியுமா?
4. இருவரையும் ஒரே அறையில் நிறுத்தாமல் தனித்தனியாக விசாரிக்கிறோமா?
5. இது பள்ளிச் சுவருக்குள் அடங்கும் விஷயமா, ஊர்ப் பகை கலந்ததா? கலந்தது என்றால் காவல் நிலையத்துக்கு இன்றே தகவல் போக வேண்டும். நாளைக்கு என்று வைக்கக் கூடாது.
6. ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து இந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு விசாரிக்கப் போவது யார்? ஆள் பெயர் எழுதியாகிவிட்டதா?

இதற்குத் தனி நிதி ஒதுக்கீடு எதுவும் வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகமும், பொறுப்பெடுக்கும் ஒரு ஆசிரியரும் போதும். ஆனால் பொறுப்பெடுப்பவருக்குப் பாடம் நடத்தும் வேலை, எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளத்தில் விவரம் பதிவேற்றும் வேலை, தேர்தல் வேலை எல்லாம் அப்படியே இருந்தால் இது நடக்காது. பள்ளி நல அலுவலர் என்ற பரிந்துரையின் அருமை இங்கேதான் தெரிகிறது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமும், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் கல்வி நிலையங்களில் தகுதியுள்ள மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று வழிகாட்டியது.

சட்டம் என்ன சொல்கிறது

'பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மேல் கேஸ் போட முடியாது' என்று ஒரு பேச்சு உண்டு. பாதி உண்மை. சட்டங்கள் பல இருக்கின்றன, ஒவ்வொன்றும் வெவ்வேறு கதவு.

1. கல்வி உரிமைச் சட்டம், 2009. பிரிவு 17, பிள்ளையை உடலால் தண்டிப்பதையும் மனத்தால் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. இது ஆசிரியருக்கானது. தமிழ்நாட்டில் அடிக்கு 2003லேயே விதி திருத்தித் தடை வந்துவிட்டது. பிரிவு 16இன்படி, எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியைவிட்டு வெளியேற்ற முடியாது. ஏழாம் வகுப்புப் பையனுக்கு 'டிசி கொடுத்திருவேன்' என்று மிரட்டுவது சட்டப்படி வெற்று மிரட்டல்.

2. இளைஞர் நீதிச் சட்டம், 2015. 18 வயது நிறையாதவர் குற்றம் செய்தால் அவர் 'சட்டத்துக்கு முரண்பட்ட சிறார்'. வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் கொண்டது அது. ஏழு வருடம் அல்லது அதற்கு மேல் குறைந்தபட்சத் தண்டனை உள்ள கொடுங்குற்றமாகவோ, பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகவோ இருந்தாலொழிய எஃப்.ஐ.ஆர். பதியாமல் வேறு வகையில் பதிவு செய்யும்படி மத்திய மாதிரி விதிகள் சொல்கின்றன. போலீஸ் எஃப்.ஐ.ஆர். போடாததைப் பார்த்து 'கை கழுவிவிட்டார்கள்' என்று பெற்றோர் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 16 முதல் 18 வயதுவரை உள்ளவர் கொடுங்குற்றம் செய்திருந்தால், பெரியவரைப் போல விசாரிக்கலாமா என்று குழுமம் முதல்கட்ட மதிப்பீடு செய்யும்.

3. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989. பொதுப் பார்வையில் படும் இடத்தில் பட்டியல் சாதி, பழங்குடியினரைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது குற்றம். செய்தவர் சிறார் என்றாலும் சட்டம் பொருந்தும். விசாரிக்கும் இடம் மட்டும் இளைஞர் நீதிக் குழுமம்.

4. போக்சோ, 2012. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம். சீண்டலில் பாலியல் தன்மை இருந்தால் தகவல் தெரிந்த எவரும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். தனக்குக் கீழ் உள்ளவர் செய்ததைச் சொல்லாமல் மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஒரு வருடம்வரை சிறை. 'பள்ளிப் பெயர் கெட்டுவிடும்' என்று மூடி மறைப்பது, சட்டத்தின் கண்ணில் நிர்வாகச் சாமர்த்தியம் ஆகாது, தனிக் குற்றம்.

ராகிங் தடைச் சட்டத்தையும் பலர் இங்கே இழுப்பார்கள். 1996இல் சிதம்பரத்தில் ஒரு மருத்துவ மாணவர் கொல்லப்பட்டதை அடுத்து 1997இல் தமிழ்நாட்டில் வந்த சட்டம் அது. சீனியர்–ஜூனியர் கொடுமையை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஒரே பெஞ்சில் உட்காரும் இருவருக்கு இடையிலான தொடர் சீண்டலுக்கு அது தைத்த சட்டை அல்ல. சி.பி.எஸ்.இ. 2015இல் தன் பள்ளிகளுக்குச் சீண்டல் தடுப்பு வழிகாட்டுதல் கொடுத்தது. வழிகாட்டுதல் சட்டம் ஆகாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பையைச் சோதிப்பதும் டிசி கொடுப்பதும்

ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் இரண்டு மருந்துகள் உடனே பரிந்துரைக்கப்படும்.

பை சோதனை முதலாவது. அவசரக் காலத்தில் தேவைதான், மறுக்க முடியாது. ஆனால் நாங்குநேரியில் அரிவாள் பள்ளிக்குள் வரவே இல்லை, வீட்டுக்குத்தான் போனது. 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் அருகே பிளஸ் ஒன் மாணவர் வெட்டப்பட்டது பஸ்ஸில். வாசலில் நின்று பையைத் துழாவுபவரின் கைக்கு எட்டாத இடங்கள் இவை. அதோடு, யாருடைய பை தினமும் துழாவப்படுகிறது, யாருடையது சும்மா விடப்படுகிறது என்பதை மாணவர்கள் ஒரே வாரத்தில் கவனித்துவிடுவார்கள். அதிலிருந்து புதிதாக ஒரு பகை முளைக்கும்.

இரண்டாவது, டிசி. ஒன்பதாம் வகுப்பிலிருந்து கல்வி உரிமைச் சட்டம் இதைத் தடுக்காது. ஆனால் வெளியே அனுப்பப்பட்ட பையன் எங்கே போகிறான்? பகலெல்லாம் டீக்கடை பெஞ்சில், அவனைவிட ஐந்தாறு வயது மூத்தவர்களோடு. கோபம் அப்படியே இருக்கிறது, கண்காணிக்க ஆசிரியர்தான் இல்லை. 'ஒரு தப்புக்கும் மன்னிப்பில்லை' என்ற கறார் முறையைப் பல வருடம் கடைப்பிடித்த அமெரிக்காவில், அதனால் பள்ளிகள் பாதுகாப்பானதற்கு ஆதாரம் இல்லை என்று அந்நாட்டு உளவியல் சங்கத்தின் குழுவே 2008இல் சொல்லிவிட்டது.

அப்படியானால் எது பலன் தருகிறது? கேம்பிரிட்ஜைச் சேர்ந்த டோஃபி, ஃபாரிங்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பல நாட்டுத் திட்டங்களை ஒன்றாக வைத்து அலசி 2011இல் எழுதினார்கள். நல்ல திட்டங்கள் சீண்டலைச் சராசரியாக 20 முதல் 23 சதவீதம் குறைத்தன. ஐந்தில் ஒரு பங்கு. மந்திரம் போட்டதுபோல் எதுவும் மறைந்துவிடவில்லை, அதே நேரம் ஐந்தில் ஒரு பிள்ளை தப்பிப்பது சின்ன விஷயமும் இல்லை. பலனோடு சேர்ந்து வந்த அம்சங்களில் முக்கியமானவை இரண்டு: பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுவது, மைதானத்தில் கண்காணிப்பைக் கூட்டுவது. இன்டர்வெல்லில் ஆசிரியர் அறையில் டீ குடிக்கும் பத்து நிமிடத்தை முறை வைத்துக் கழிவறைப் பக்கமும் குழாய்ப் பக்கமும் செலவிடுவதற்கு அரசாணை தேவையில்லை.

கைபேசி பற்றி ஒன்று. முன்பெல்லாம் பள்ளி மணி அடித்தால் சீண்டலும் முடியும். இப்போது வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலும் இன்ஸ்டாகிராமிலும் இரவு பதினொன்று மணிவரை தொடர்கிறது. சாதிப் பெருமை ரீல்ஸ் ஒருவன் ஸ்டேட்டஸில் ஏறினால், மறுநாள் வகுப்பில் யார் யாரை முறைப்பார்கள் என்று அந்த வகுப்புக்கே தெரியும். தெரியாமல் இருப்பவர்கள் ஆசிரியரும் பெற்றோரும் மட்டும்தான்.

பெற்றோர் எங்கே போவது

பிள்ளை பெரும்பாலும் வாயால் சொல்லாது. பள்ளி நாட்களில் மட்டும் வரும் வயிற்று வலி, மதியச் சாப்பாடு அப்படியே திரும்பி வருவது, அடிக்கடி காணாமல் போகும் பேனா, ஜியாமெட்ரி பாக்ஸ், வழக்கமான பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் வருவது என்று வேறு விதமாகத்தான் சொல்லும். 'நீயும் திருப்பி அடிச்சிட்டு வா' என்ற அறிவுரை நம் வீடுகளில் சகஜம். பலம் சமமாக இருந்தால் பிள்ளை ஏற்கெனவே அடித்திருக்கும். இல்லை என்பதுதானே பிரச்சினை?

பிள்ளை சொல்லத் தொடங்கினால் செய்யக்கூடியவை:

1. முழுதாகக் கேளுங்கள். எந்த நாள், எந்த இடம், யார் யார் கூட இருந்தார்கள் என்று எழுதி வையுங்கள். வாட்ஸ்அப் செய்தி என்றால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், செய்தியை அழிக்காதீர்கள்.
2. எதிர்த்தரப்பு வீட்டுக்கு நேரே போய் நியாயம் கேட்காதீர்கள். இரண்டு வீட்டுப் பேச்சு இரண்டு தெருப் பேச்சாக மாற அரை மணி நேரம் போதும்.
3. முதலில் வகுப்பாசிரியர், அடுத்து தலைமையாசிரியர். அங்கே நடக்கவில்லை என்றால் பள்ளி மேலாண்மைக் குழு. அதில் பெரும்பான்மை உறுப்பினர்கள் பெற்றோர்தான். 2021 அரசாணைப்படி ஒவ்வொரு பள்ளியிலும் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவும் இருக்க வேண்டும். அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' புகார்ப் பெட்டி உண்டு. அது யார் கண்ணிலும் படாமல் சீட்டுப் போடக்கூடிய இடத்தில் இருக்கிறதா என்று ஒருமுறை போய்ப் பாருங்கள். பல இடங்களில் எச்.எம். அறை வாசலில்தான் மாட்டியிருக்கும்.
4. வெளியே போக வேண்டும் என்றால் 14417 பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண், 1098 குழந்தைகளுக்கான உதவி எண். ஒவ்வொரு மாவட்டத்திலும் குழந்தைகள் நலக் குழுவும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் இருக்கின்றன. உயிருக்கு மிரட்டல் என்றால் இதில் எதற்கும் காத்திருக்காமல் 112.
5. புகாரை வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். இரண்டு பிரதி எழுதுங்கள். நடந்ததை எழுதிய பிறகு, கடைசிப் பத்தியில் இரண்டு கேள்வி சேருங்கள்: இன்று மாலை என் பிள்ளையின் பாதுகாப்புக்கு என்ன ஏற்பாடு? இதைத் தொடர்ந்து கவனிக்கப்போகும் ஆசிரியர் யார்? ஒரு பிரதியில் தேதி, கையெழுத்து, பள்ளி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அன்று மட்டும் பஸ்ஸை நம்பாமல் நீங்களே காத்திருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள்.